மாடு தின்றதில் எவ்வளவு பாலாகிறது? தீவனச் சக்தி இழப்பை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள கேள்விகளைக் கேட்டவர்கள் இரண்டு வகை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, ஹட்டன், நானுஓயா பக்கம் லயத்துக்குப் பின்னால் ஒன்றிரண்டு மாடு கட்டி வளர்க்கிறவர்கள் ஒரு வகை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விவசாயமோ கால்நடை மருத்துவமோ படிக்கிற பிள்ளைகள் மற்ற வகை. நான் தீவன ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் அம்மாவின் மாட்டுக்காகத் தேயிலைக் கான் ஓரங்களில் புல் அறுத்திருக்கிறேன். அதனால் இரண்டு தரப்புக்கும் புரிகிற மாதிரி எழுத முயன்றிருக்கிறேன்.

சக்தி இழப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மாடு தின்னும் புல்லில் சக்தி இருக்கிறது. காய்ந்த புல்லைக் கொளுத்தினால் எரிகிறதே, அதே சக்திதான். ஆனால் அது முழுவதும் பாலாகவோ சதையாகவோ மாறுவதில்லை. நாலு வழியில் வெளியே போகிறது: செரிக்காமல் சாணத்தில் ஒரு பங்கு, சிறுநீரில் ஒரு பங்கு, ஏப்பத்தோடு மெதேன் வாயுவாக ஒரு பங்கு, உடம்புச் சூடாக ஒரு பெரிய பங்கு.

ஆராய்ச்சியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தீவனத்தில் உள்ளது மொத்தச் சக்தி. சாணத்தில் போனதைக் கழித்தால் செரிமானச் சக்தி. அதிலிருந்து சிறுநீரையும் மெதேனையும் கழித்தால் அனுசேபச் சக்தி. தின்றதால் கூடுகிற சூட்டையும் கழித்தால் மிஞ்சுவது தேறிய சக்தி. மாடு உயிர் வாழ்வதும், பால் தருவதும், கன்று சுமப்பதும் இந்தக் கடைசிப் பங்கில்தான்.

பெயர்கள் மனதில் நிற்கவில்லை. ஒரு மாட்டை வைத்துக் கணக்காகச் சொல்ல முடியுமா?

முடியும். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பின மாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 50 கிலோ பச்சைப் புல் தின்கிறது என்று வையுங்கள். ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். உலர் பொருள் 10 கிலோ. ஒரு கிலோ உலர் பொருளில் சுமார் 18 மெகாஜூல் (சக்தியை அளக்கும் அலகு) சக்தி இருக்கும். ஆக, மாட்டுக்குள் போவது 180 மெகாஜூல்.

அந்தப் புல்லில் 58 சதவீதம்தான் செரிக்கிறது என்றால், சாணத்தில் 76 போய்விடும். மிச்சம் 104. மெதேனாக 11, சிறுநீரில் 8. மிச்சம் 85. இதில் மாடு சும்மா நின்று மூச்சு விட்டு உயிர் வாழவே ஏறத்தாழ 45 வேண்டும். மீதி 40. ஒரு லீட்டர் பாலுக்குச் சுமார் 5 மெகாஜூல் அனுசேபச் சக்தி செலவாகும் என்பதால், 8 லீட்டர் பால்.

அந்த 8 லீட்டர் பாலுக்குள் உண்மையில் இருக்கும் சக்தி 25 மெகாஜூல் அளவில்தான். 85இல் 25 பாலில் போக, மிச்ச 60 சூடாகப் போகிறது. 180 உள்ளே போய் 25 பாலாக வருகிறது. ஏழில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை முதன்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லுக்கட்டின் பாரம் நினைவுக்கு வந்தது. அம்மா தலையில் சுமந்து வந்த ஏழு கட்டில் ஒரு கட்டுத்தான் பாலாகியிருக்கிறது.

தீவனத்தில் 18 மெகாஜூல் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எரித்துத்தான். அந்தக் கருவிக்குப் பெயர் பொம் கலோரிமானி. புல்லைக் காயவைத்து, மாவாக அரைத்து, ஒரு கிராம் அளவை வில்லை மாதிரி அழுத்தி, கனமான உருக்குக் குடுவைக்குள் சின்னக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் மெல்லிய கம்பி ஒன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். மூடியை இறுக்கி, சுமார் 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஒட்சிசன் ஏற்றி, குடுவையை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, மின்சாரம் விட்டால் கம்பி பழுத்து, உள்ளே இருப்பது ஒரே நொடியில் எரிந்து தீரும். வெளியே சத்தமே வராது. தண்ணீரின் வெப்பநிலைதான் ஏறும், அதுவும் இரண்டு பாகை செல்சியசுக்குக் கொஞ்சம் குறைவாக. அந்த ஏற்றத்தை ஆயிரத்தில் ஒரு பாகை வரை வாசிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க பென்சோயிக் அமில வில்லையை எரிப்போம். அதன் பெறுமானம் உலகம் முழுக்க ஒன்றுதான், கிராமுக்கு 26.4 கிலோஜூல். அது பிசகினால் அன்றைக்கு வேறு எதையும் எரிக்கக் கூடாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கருவிக்கு நல்ல புல்லும் வைக்கோலும் ஏறத்தாழ ஒன்றுதான். மரத்தூள்கூடப் புல்லுக்குச் சமமாக எரியும். அதனால் மொத்தச் சக்தியை மட்டும் வைத்து ஒரு தீவனம் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. இழப்பை அளந்தால்தான் தீவனத்தின் தரம் வெளியே வரும்.

சாணத்தை எப்படி அளக்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மிகப் பெரிய இழப்பு இங்கேதான். மலையகத்துப் புற்களில், முற்றிய நிலையில், தின்றதில் பாதிகூடச் சாணத்தில் போகும்.

முறை எளியது. ஒரே தீவனத்தை 10 முதல் 14 நாள் வரை கொடுத்து வயிற்றைப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகு 5 முதல் 7 நாள் வரை தின்றதும், மிச்சம் வைத்ததும், போட்ட சாணமும் ஒரு கிராம் விடாமல் நிறுக்கப்படும். ஆய்வுக்குக் காளைக் கன்றையோ கிடாயையோ தேடுவார்கள், சிறுநீரும் சாணமும் தனித்தனியாக விழும் என்பதால். ஆட்டுக்கு வார் கட்டிப் பின்னால் பை தொங்கவிடலாம். பசுவுக்கு, பக்கத்திலேயே ஒருவர் இரவும் பகலும் மண்வெட்டியோடு இருப்பதைவிட நம்பகமான வழியை நான் பார்க்கவில்லை.

விடியற்காலை இரண்டு மணிக்கு, கையில் டோர்ச்சோடு, பட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று பழகிவிடும்: மாடு படுத்திருந்து எழும்பியதும் முதுகை லேசாக வளைத்து வாலைத் தூக்கும். அந்த நொடியில் தட்டை நீட்டிவிட்டால் தரையில் ஒரு துளி படாது. 400 கிலோ மாடு ஒரு நாளில் 25 கிலோ அளவில் சாணம் போடும். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு, நன்றாகக் கலந்து, அதில் ஒரு சிறு பங்கை எடுத்துக் குளிரூட்டியில் வைப்போம். ஏழு நாள் முடிந்ததும் அவற்றை ஒன்று சேர்த்து, 60 பாகை சூட்டில் உலர்த்தி, அரைத்து, கலோரிமானியில் எரிப்போம். தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கத் தனியாக இன்னொரு பங்கை 105 பாகையில் காயவைப்போம்.

அதில் தவறு நடந்தால் எவ்வளவு பாதிக்கும்?

நான் பழகிய காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சேகரிப்பின் நாலாம் நாள் காலை, புதிதாக வந்த ஒருவர் பட்டியைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் குழாயைத் திருப்பிக் கழுவிவிட்டார். ஒரு மாட்டின் விடியற்காலைச் சாணம் கானில் போய்விட்டது. இரண்டரைக் கிலோ இருக்கும். அந்த மாட்டின் அன்றைய கணக்கைக் கைவிட வேண்டியதாயிற்று.

இரண்டரைக் கிலோவுக்கு இவ்வளவு கவலையா என்று தோன்றலாம். மேலே சொன்ன மாட்டுக்கே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் 25 கிலோவில் இரண்டரைக் கிலோ கணக்கில் வராமல் போனால், 58 சதவீதம் செரிக்கும் புல் 62 சதவீதம் செரிப்பதாகக் காட்டும். வித்தியாசம் ஏழரை மெகாஜூல். தாளில் ஒன்றரை லீட்டர் பால் கூடுதலாக வந்துவிடும், மாட்டின் மடியில் வராது. அந்த எண்ணை நம்பிப் பிண்ணாக்கைக் குறைக்கிற ஒரு குடும்பம் மாதக் கடைசியில் பால் காசில் அந்த வித்தியாசத்தைப் பார்க்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வேலையில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கின்றன. சிந்திய தீவனத்தைத் தின்றதாக எழுதுகிறோம். விட்டுப்போன சாணத்தைப் போடாததாக எழுதுகிறோம். ஆவியாகிப் போன அமோனியாவை இல்லாததாக எழுதுகிறோம். எல்லாமே தீவனத்தை அதன் உண்மையான தரத்தைவிட நல்லதாகக் காட்டும். கூடவும் குறையவும் வந்து ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழைகள் இல்லை இவை. அதனால் ஒரு முடிவு எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தால் நான் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சாணத் தொட்டியைப் போய்ப் பார்ப்பேன்.

மேய்கிற மாட்டின் சாணத்தை முழுக்க அள்ள முடியாதே?

முடியாது. அதற்கு அடையாளப் பொருள் முறை இருக்கிறது. புல்லில் மணல் போல அமிலத்திலும் கரையாத சாம்பல் கொஞ்சம் இருக்கும். மாடு அதைச் செரிப்பதில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வரும். மற்றவை செரித்துக் குறையக் குறைய, சாணத்தில் அதன் பங்கு கூடும். புல்லில் 2.5 சதவீதமும் சாணத்தில் 6 சதவீதமும் இருந்தால், 2.5ஐ 6ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழியுங்கள். 58 சதவீதம் செரித்திருக்கிறது. ஒரு கைப்பிடிச் சாணம் போதும்.

ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். மழை அடித்தால் செம்மண் தெறித்துப் புல்லில் ஒட்டும். தரையில் விழுந்த சாணத்தை வழித்தெடுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். அந்த மண் அமிலத்தில் கரையாது. சாணத்தில் அடையாளப் பொருள் கூடியதாகத் தெரியும், செரிமானமும் கூடியதாகத் தெரியும். சாணக் குவியலின் மேல்பகுதியிலிருந்து மட்டும், தரை படாத இடத்தில் எடுங்கள்.

சிறுநீரில் என்ன சக்தி இருக்கிறது?

பெரும்பாலும் யூரியா. மொத்தச் சக்தியில் 3 முதல் 5 சதவீதம் வரை இந்த வழியில் போகும். மாட்டுக்குத் தேவைக்கு மேல் புரதம் கொடுத்தால் கூடும். உதாரணமாக, கிளிரிசீடியா இலையை மட்டும் கட்டுக் கட்டாகப் போட்டால், ரூமன் என்கிற அந்தப் பெரிய வயிற்றில் புரதம் உடைந்து அமோனியாவாகும். நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொள்ள மாச்சத்து போன்ற விரைவான சக்தி வேண்டும். அது இல்லாவிட்டால் அமோனியா ஈரலுக்குப் போய் யூரியாவாகி வெளியே வந்துவிடும். பட்டிக்குள் நுழைந்ததும் கண் எரிகிற நெடி அடித்தால், காசு கொடுத்து வாங்கிய புரதத்தில் ஒரு பங்கு காற்றில் போகிறது என்று அர்த்தம்.

அளப்பதற்கு, சேகரிக்கும் வாளியில் முன்கூட்டியே நீர்த்த சல்பூரிக் அமிலம் ஊற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நைதரசன் ஆவியாகிவிடும்.

மாடு மெதேன் விடுகிறது என்கிறார்களே, அது பின்பக்கமாகத்தானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இல்லை. மெதேனில் மிகப் பெரும் பங்கு வாய் வழியாக, ஏப்பமாகவும் மூச்சாகவும் வருகிறது. ரூமனில் நார் நொதிக்கும்போது ஐதரசன் உண்டாகும். அது சேர்ந்துகொண்டே போனால் நொதித்தல் நின்றுவிடும். ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் அந்த ஐதரசனைக் காபனீரொட்சைட்டோடு சேர்த்து மெதேனாக்கி இடத்தைக் காலி செய்கின்றன. ஆக, மெதேன் மாட்டின் குற்றமில்லை. நாம் தின்ன முடியாத புல்லை அது பாலாக்குவதற்கான விலை. ஆனாலும் விலை விலைதான்.

ஒரு கிலோ உலர் தீவனத்துக்கு ஏறத்தாழ 20 கிராம் மெதேன் வரும். நம் கணக்கு மாட்டுக்கு ஒரு நாளில் 200 கிராம், கனவளவில் 280 லீட்டர். ஒரு கிராம் மெதேனில் 55.65 கிலோஜூல் இருப்பதால் 11 மெகாஜூல் காற்றோடு போகிறது, மொத்தத்தில் 6 சதவீதம். தீவனத்தைப் பொறுத்து இது 2 முதல் 12 சதவீதம் வரை மாறும். சூழலுக்கும் கெடுதி: நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட 27, 28 மடங்கு வெப்பமாக்கும் வாயு இது.

அளக்க மூன்று வழி. மூடிய அறையில் மாட்டை நிறுத்தி உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் ஒப்பிடுவது ஒன்று. வயல்வெளியில் மேயும் மாட்டுக்கு, சல்பர் எக்சாபுளோரைட்டு வாயுவைத் தெரிந்த வேகத்தில் கசியவிடும் சின்னப் பித்தளைக் குழாயை விழுங்கச் செய்து, மூக்கருகே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் குடுவையைக் கழுத்தில் மாட்டுவது இரண்டாவது. இந்த முறை 1994இல் வெளியானது. இரண்டு வாயுக்களின் விகிதம் தெரிந்தால் மெதேனின் அளவு வந்துவிடும். மூன்றாவது, மாடு தலையை நுழைத்துத் தின்னும் தானியங்கித் தொட்டி. அது கொஞ்சம் தீவனம் கொடுத்துக்கொண்டே மூச்சை அளக்கும்.

தேங்காய்ப் பிண்ணாக்கு கொடுத்தால் மெதேன் குறையும் என்பது உண்மையா?

ஓரளவு உண்மை. அதில் மிஞ்சியிருக்கும் தேங்காயெண்ணெய்க்கு மெதேன் நுண்ணுயிர்களை அடக்கும் தன்மை இருக்கிறது. ஆனால் மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பது குறையும், மாடும் தின்னாது. மெதேனில் மிச்சம் பிடித்ததைச் சாணத்தில் விட்டுவிடுவோம்.

சூட்டை எப்படி அளப்பது? வெப்பமானியா?

வெப்பமானியால் முடியாது. மாட்டின் உடம்பு எப்போதும் 38.5 பாகை அளவிலேயே இருக்கும். எவ்வளவு சூடு உண்டாகி வெளியேறியது என்பதுதான் நமக்குத் தேவை. நம் மாட்டின் 60 மெகாஜூலை ஒரு நாளில் பரப்பினால் ஏறத்தாழ 700 வாட். 100 வாட் பல்பு ஏழு, இரவும் பகலும் எரிவதற்குச் சமம். பனி இறங்கிய இரவில் பட்டிக்குள் நுழைந்தால் முகத்தில் படுகிற கதகதப்பு இதுதான்.

1782-83 குளிர்காலத்தில் லவோசியர், லாப்லாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கினியெலியை ஐஸ் சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, எவ்வளவு ஐஸ் உருகியது என்று நிறுத்தார்கள். உயிர் என்பது மெதுவாக எரிகிற நெருப்பு மாதிரி என்பதை அளந்து காட்டியவர்கள் அவர்கள். பிறகு 1902இல் ஆம்ஸ்பி என்பவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மாடு நிற்கும் அளவுக்கு ஒரு கலோரிமானி அறையையே கட்டினார்.

இன்று பெரும்பாலும் சூட்டை நேராக அளப்பதில்லை. மூச்சை அளந்து கணக்கிடுகிறார்கள். மாடு எத்தனை லீட்டர் ஒட்சிசன் எடுத்தது, எத்தனை லீட்டர் காபனீரொட்சைட்டும் மெதேனும் விட்டது, சிறுநீரில் எத்தனை கிராம் நைதரசன் போனது என்ற நாலும் தெரிந்தால் போதும். 1965இல் புரூவர் என்ற ஆராய்ச்சியாளர் தந்த சூத்திரம் இது: ஒட்சிசனை 16.18ஆல் பெருக்கி, காபனீரொட்சைட்டை 5.02ஆல் பெருக்கிக் கூட்டி, மெதேனை 2.17ஆலும் நைதரசனை 5.99ஆலும் பெருக்கிக் கழிக்க வேண்டும். வருவது கிலோஜூலில் சூடு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் முதல் எண்ணைப் பாருங்கள். ஒட்சிசன் அளவில் சின்னப் பிழை விட்டாலும் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். அதனால்தான் மாட்டை உள்ளே விடுவதற்கு முன்னால், தெரிந்த அளவு வாயுவை அறைக்குள் திறந்துவிட்டு, கருவி அதை முழுதாகத் திருப்பிக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள்.

மாட்டைத் தனியாக அறையில் அடைப்பது பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி. மாடு கூட்டமாக வாழ்கிற பிராணி. தனியாக விட்டால் கத்தும், தின்னாது. தின்னாத மாட்டின் எண் எதற்கும் உதவாது. நல்ல இடங்களில் சுவர்களைக் கண்ணாடி போலத் தெளிவாக வைத்து, பக்கத்து அறையில் இன்னொரு மாடு கண்ணில் படும்படி செய்கிறார்கள். முன்கூட்டியே பல நாள் பழக்குகிறார்கள். பழகாத மாட்டை அளக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நுவரெலியாக் குளிரில் மாட்டின் சக்தி வீணாகுமா?

வளர்ந்த கறவை மாட்டுக்கு இல்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. அசைபோடும் வயிறே ஒரு அடுப்பு மாதிரி. தின்பதால் வரும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் கறவை மாட்டின் பிரச்சினை, அதற்குக் குளிர் உதவுகிறது. பிரிசியன், அயர்ஷயர் மாதிரி இனங்கள் அம்பேவெல பக்கம் நன்றாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அதே மாடுகள் தாழ்நாட்டு வெக்கையில் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கன்று விஷயம் வேறு. பிறந்த கன்றுக்கு ரூமன் இன்னும் வேலை செய்வதில்லை. தோல் நனைந்து, சாக்கு இடைவெளியில் காற்றும் அடித்தால், குடிக்கும் பாலில் பெரும் பங்கைச் சூடாகவே செலவழிக்கும். மார்கழி, தை மாதங்களில் புல்மேல் பனி உறைகிற நாட்களில் காய்ந்த படுக்கை போடுங்கள்.

மேடு ஏறி மேய்ந்து வந்தால் பால் குறைகிறதே?

குறையும். அதையும் அளந்திருக்கிறார்கள். ஒரு கிலோ உடம்பை ஒரு மீற்றர் உயரத்துக்கு ஏற்ற மாட்டுக்குச் சுமார் 28 ஜூல் செலவாகிறது. 400 கிலோ மாடு 100 மீற்றர் உயரம் ஏறினால் 1.1 மெகாஜூல், மூன்றில் ஒரு லீட்டர் பாலில் இருக்கும் சக்தி. மேல் மலைக்கு ஒரு தடவை போனாலே இவ்வளவு. அறுத்துக் கொண்டுவந்து போட்டால் மாட்டுக்கு இது மிச்சம்தான், ஆனால் அந்த ஏற்றத்தை அறுக்கிற பெண் ஏறுகிறாள். கொழுந்து பறித்து முடித்த உடம்போடு ஏறுகிறாள். அவளுடைய சக்திச் செலவை எந்தத் தீவன அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கும் இதே கணக்கா?

முறை ஒன்றுதான், அளவு வேறு. உடம்பு சின்னதாக இருந்தால் எடைக்கு ஏற்ற சூட்டிழப்பு கூடும். கிளைபர் என்ற ஆராய்ச்சியாளர் 1932இல் காட்டியபடி, தேவை எடையின் 0.75 அடுக்கைப் பின்பற்றுகிறது. 25 கிலோ ஆடுகள் 16 சேர்ந்தால் ஒரு 400 கிலோ மாட்டின் எடை. ஆனால் உயிர் வாழ மட்டும் அந்த 16 ஆடுகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாட்டின் சக்தி வேண்டும்.

தீவனப் பையில் மொத்தச் செரிமானச் சத்து என்று போட்டிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

கிட்டத்தட்ட. ஒரு கிலோ மொத்தச் செரிமானச் சத்து என்பது 18.4 மெகாஜூல் செரிமானச் சக்தி. சாணத்து இழப்பைக் கழித்த எண் அது; மெதேனும் சூடும் அதில் கழிபடவில்லை. நார்த் தீவனத்தை அதன் உண்மையான தரத்தைவிடக் கொஞ்சம் உயர்த்திக் காட்டும்.

மரக்கறித் தோட்டத்துக் கோவா இலை, கரட் இலை கொடுக்கலாமா?

நன்றாகச் செரிக்கும். ஆனால் கோவாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்; 20 கிலோ இலை போட்டால் 2 கிலோ உலர் பொருள்கூட இல்லை. மருந்தடித்த தோட்டத்து இலையை எடுப்பதானால் அடித்த நாளைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

அட்டவணைகள் ஏற்கெனவே இருக்கும்போது நாம் ஏன் மறுபடி அளக்க வேண்டும்?

அந்த அட்டவணைகளில் பெரும் பங்கு குளிர்நாட்டுப் புல்லை வைத்துப் போட்டவை. நம் சீஓ-3 கோயம்புத்தூரில் உருவான கம்பு-நேப்பியர் கலப்பு. உயரமான இடங்களின் கிக்கியூ புல் கென்யா மலைகளிலிருந்து வந்தது. குவாத்தமாலா புல்லைத் தேயிலையைப் பிடுங்கிய நிலத்தைத் தேற்றுவதற்காக நட்டார்கள். கான் ஓரத்தில் அறுக்கிற கலப்புப் புல்லுக்கு ஒரு பெயர்கூட இல்லை. இவை மலைச்சரிவில், மழை மாறுகிற பருவங்களில், எத்தனை வாரத்தில் எவ்வளவு செரிக்கும் என்பதை இங்கே அளந்தால்தான் தெரியும். கன்னொறுவை ஆராய்ச்சி நிலையத்திலும் பேராதனையிலும் படித்த கைகள் இருக்கின்றன. லயத்துப் பட்டிகளிலிருந்து மாதிரிகள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், செரிமானம் 58இலிருந்து 63க்கு ஏறினாலே 9 மெகாஜூல் கூடும். மெதேன் கொஞ்சம் கூடினாலும் ஒன்றரை லீட்டர் பால் நிச்சயம். தண்டு தடிக்கும் முன்னால் அறுத்தால் போதும். ஒரு ரூபாய் செலவில்லை.

ஆய்வுகூடம் இல்லாமல் வீட்டிலேயே ஏதாவது அளக்க முடியுமா?

சாண இழப்பை அளக்கலாம். ஒரு தூக்குத் தராசும், சமையலுக்கு வாங்கும் சின்ன டிஜிட்டல் தராசும் போதும். ஒரே புல்லை இரண்டு வாரம் கொடுங்கள். பிறகு ஐந்து நாள், போட்ட புல்லையும் காலையில் மிஞ்சிய தண்டையும் தனித்தனியாக நிறுங்கள். மண்தரையாக இருந்தால் மாட்டின் பின்கால் பக்கம் பழைய படங்கை விரித்து, சாணத்தை அதிலிருந்து அள்ளி நிறுங்கள். புல்லிலும் மிச்சத்திலும் சாணத்திலும் ஒவ்வொரு கிலோ எடுத்து, நறுக்கி, மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவைத்து, அப்புறம் அடுப்புக்கு மேல் பரணில் வையுங்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து நிறுத்து ஒரே எடை வந்தால் காய்ந்துவிட்டது.

தின்ற 50 கிலோவில் கிலோவுக்கு 200 கிராம் காய்ந்து நின்றால் 10 கிலோ உலர் பொருள். 25 கிலோ சாணத்தில் கிலோவுக்கு 170 கிராம் நின்றால் 4.25 கிலோ. உள்ளே நின்றது 5.75 கிலோ, அதாவது 57.5 சதவீதம். கலோரிமானி இல்லாமலே சக்தியின் செரிமானத்துக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: மாடு கன்று போட்ட திகதி, அன்றன்றைய பால், மழை பெய்ததா இல்லையா, அதோடு அந்தப் புல்லைக் கடைசியாக வெட்டியது எப்போது என்பதும். தை மாதத்தில் 6 வாரப் புல்லுக்கு ஒரு தடவை, ஆடியில் 10 வாரப் புல்லுக்கு ஒரு தடவை அளந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்தக் கொப்பியை எனக்குக் காட்டுங்கள்.